அவர் முடியை நான்தான் வெட்டச் சொன்னேன்

நீளமாக முடி வளர்த்த ஆண்கள் யாரைப் பார்த்தாலும் நான்கு வருடங்களாக நான் நின்றுவிடுகிறேன். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில், மீன் மார்க்கெட்டில், உப்பு லாரிகள் நிற்கிற டீக்கடைகளில். பெரும்பாலும் அது காதில் வயர் மாட்டிய ஒரு வாலிபனாக இருக்கும். “என்ன தாத்தா?” என்று கேட்பான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நகர்வேன்.

நான் தேடியது ஒருவரை. பன்னிரண்டு வருடம் வளர்த்த அவருடைய முடியை, அவருக்குப் பொய் சொல்லி, வெட்ட வைத்தவன் நான். இதுவரை யார் கேட்டாலும் தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் சொல்லி வந்தேன். தெரிந்துதான் செய்தேன்.

நான் நாசரேத்தில் பிறந்தவன். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகுதான் மனைவியோடு தூத்துக்குடிக்கு வந்தேன். எங்கள் சபையில் தெருவோரம் படுத்திருப்பவர்களுக்கான ஊழியம் ஒன்று தொடங்கினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சும்மா இருக்கிறார் என்று என்னைச் செயலாளராக்கினார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் கிளம்பும். ரயில் நிலையம், மார்க்கெட், கடைசியாகப் பழைய துறைமுகச் சாலை. முதலில் ஒரு பாட்டு, பிறகு ஜெபம், அதற்குப் பிறகுதான் இட்லிப் பொட்டலம். இந்த ஒழுங்கை வைத்தவன் நான். பசியோடு நிற்பவர்கள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபிப்பேன். ஒருமுறை வேனில் என்னோடு வந்த மனைவி திரும்பும்போது கேட்டாள்: “இட்லி சூடா இருக்கும்போது ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதோ?”

பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டி நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு மதில். அங்கே பூவரச மர நிழலில் அவர் இருப்பார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறையலாம். அகலமான நெஞ்சு, ஒடுங்கிய கால்கள், இடுப்பு வரைக்கும் முடி. முதல் நாள் நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோது நடுவில் அவர் குரல் கேட்டது.

“வாத்தியாரே, நீரு கண்ண மூடிட்டுப் பேசுதீரு. இங்கன காக்கா இட்லியக் கொண்டு போவுது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமென் சொல்லி முடித்துவிட்டு, நான் வாத்தியார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“கையக் கட்டி நிக்கச் சொன்னீருல்லா. போலீஸ்காரன் கையத் தூக்கச் சொல்லுவான், வாத்தியார்தான் கட்டச் சொல்லுவாரு.”

அன்றிலிருந்து பேச ஆரம்பித்தோம். அவருக்கு ஊர் வேம்பார். சங்கு குளித்தவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கிய காலத்து ஆள். அதில் இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது பாதி. மனைவி இறந்துவிட்டாள். வேம்பாரில் மகள் இருக்கிறாள், ஓட்டு வீடு, மூன்று வேளையும் சோறு போடக் காத்திருக்கிறாள். அவர் போகவில்லை.

காரணம் மகன். பத்தொன்பது வயதில் அவன் இந்தத் துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் ஏறிப் போனான். அவனுக்குக் கடலுக்கு அடியில் இறங்கப் பயம். கரையில் பத்துப் பேர் பார்க்க அப்பன் அவனைப் பொட்டப்பய என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அவன் தோணிக்குப் போய்விட்டான். போகிற வழியில் ஏதோ ஒரு துறையில் இறங்கிப் போனவன் தோணிக்கும் திரும்பவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை.

“ஏறுன எடத்துலதான வாத்தியாரே எறங்குவான்? நான் வேம்பார்ல சோறு தின்னுக்கிட்டு இருந்தா, அவன் இங்கன வந்து யாரத் தேடுவான்?”

ஆகவே அவர் வீடில்லாதவர் அல்ல. எங்கள் பட்டியலில் மட்டும் அப்படி இருந்தார்.

சனிக்கிழமைகளில் மற்ற இடங்களை முடித்துவிட்டு அவர் பக்கத்தில் மதிலில் உட்காருவேன். பத்து நிமிடம் என்று உட்கார்ந்து அரைமணி நேரமாகும். வேன்காரர் ஹாரன் அடிப்பார். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைக் கேட்கப் பேசினார்கள், அல்லது மரியாதைக்குப் பேசினார்கள். இவர் சும்மா பேசினார். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலின் கொடியைக் காட்டி எந்த நாடு என்று கேட்பார். எனக்குத் தெரியாவிட்டால், “இத்தன வருசம் பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீரு?” என்பார். கடலடியைப் பற்றிச் சொல்வார். அங்கே சத்தமே கிடையாது, தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்கும் என்பார். “அங்கனயே பாதி ஆயுசு போச்சு. அதான் கரையில எனக்குச் சத்தம் போடத் தெரியாது. ஒருத்தன்கிட்டதான் போட்டேன்.”

வீட்டில் என் மனைவி வெள்ளிக்கிழமை இரவே கேட்பாள்: “ஒங்க கூட்டாளிக்கு நாளைக்குத் தொவையல் தனியா வைக்கட்டுமா?” கூட்டாளி என்ற வார்த்தை எனக்குள் சந்தோஷமாக இருந்தது. வெளியில் நான் அதை மறுத்தேன். ஊழியம் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அந்த மதிலில் உட்கார வேண்டும் என்று இப்போதும் சனிக்கிழமை காலைகளில் உடம்பு எழுந்துகொள்கிறது.

கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் சபையில் ஒரு நாள் வைத்திருந்தோம். தெருவோரத்தில் இருப்பவர்களை வேனில் ஆலய வளாகத்துக்கு அழைத்து வந்து, முடி வெட்டி, சவரம் செய்து, குளிக்க வைத்து, புது உடுப்புக் கொடுத்து, பிரியாணி போட்டு அனுப்புவோம். அந்த வருடம் வாலிபர் சங்கத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொருவரையும் முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்சடித்துப் பண்டிகை ஆராதனையன்று மண்டபத்தில் வைப்பது. எல்லாருக்கும் பிடித்துப் போனது. கமிட்டியில் ஒருவர், “துறைமுகத்துச் சாமியார் வருவாரா சார்? அவர் படம் ஒண்ணு போதுமே” என்றார். நான் அழைத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் முடி அழுக்காக இருக்கிறது, பேன் புழுத்திருக்கிறது என்றும் சொன்னேன். அது பொய். சனிக்கிழமை தோறும் விடியற்காலை தெருக்குழாயில் சீயக்காய் போட்டு அலசி, நான் போகும்போது முடியை மதிலில் விரித்துக் காய வைத்துக்கொண்டிருப்பார். காய்ந்ததும் வலை நூலால் பின்னிக் கட்டுவார்.

அழைத்தபோது அவர் சொன்னார்: “வாரேன். குளிக்கேன், நீரு தாற வேட்டியக் கட்டுதேன், பாட்டும் பாடுதேன். முடியத் தொடக் கூடாது. இது மாதாவுக்கு நேர்ந்த முடி. மவன் வந்த அன்னைக்கு அவனக் கூட்டிட்டு இந்த ஊரு மாதாவோட பெரிய கோயிலுக்குப் போயி, அவ காலடியில எறக்கணும்.”

“எத்தனை வருஷம் ஆச்சு?”

“அவன் போயி பன்னெண்டு. முடிக்கும் பன்னெண்டு.”

தெளிவாகக் கேட்டேன். சரி என்று தலையாட்டினேன்.

மாதா சிலை முன்னால் நின்று வேண்டாத சபைக்காரர்கள் நாங்கள்; எங்கள் வீட்டில் நேர்ச்சை என்ற பேச்சே கிடையாது. யாராவது நேர்ந்துகொண்டேன் என்றால் என் தகப்பனார் புன்னகை செய்வார். அதில் கோபமிருக்காது. படிக்காதவர்களைப் பார்த்துச் செய்கிற புன்னகை. ஆண்டவரிடம் நேராகக் கேட்கலாமே, முடியைக் கொடுத்தா வாங்க வேண்டும் என்பார். அந்தப் புன்னகையை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். ஆகவே அவர் சொன்னது என் காதில் ஒரு ஜெபமாக விழவே இல்லை. ஒரு மூடநம்பிக்கையை எடுத்துவிட்டால் மனிதன் லேசாகிவிடுவான் என்று உண்மையிலேயே நினைத்தேன். அதோடு அந்தப் படமும் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால், படம்தான்.

அன்று வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு, மார்க்கெட்டிலிருந்து வரவழைத்த முடிதிருத்துகிறவர் வேலை செய்துகொண்டிருந்தார். என் கூட்டாளியின் முறை வந்தது. முன்பு என்ற படத்தை எடுத்தாகிவிட்டது. முடிதிருத்துகிறவர் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

“ஐயா, இது சிக்குப் பிடிச்ச சடாமுடி இல்ல. அவ்வளவு பக்குவமா வச்சிருக்காரு. கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டாச்சு. வெட்டுங்க.”

“நேர்ச்சையா இருக்கப் போகுது ஐயா.”

“அதெல்லாம் பேசியாச்சு.”

பிறகு நானே அவரிடம் போய், வலது காதருகே குனிந்து, “சீவித்தான் விடுவாரு. உக்காரும்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கத்திரி இரண்டு தடவை கடித்தது. பின்னல் துணிமேல் விழுந்து தரைக்குச் சரிந்தது. அவருக்குச் சத்தம் கேட்டிருக்காது. கனம் குறைந்தது தெரிந்திருக்க வேண்டும். கையைத் தூக்கிப் பிடரியைத் தடவினார். அப்படியே கையை அங்கேயே வைத்திருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் ஈரத்தோடு கிடந்த பத்துப் பேர் முடிக்குள்ளே தன்னுடையதைத் தேட ஆரம்பித்தார். பின்னல் முழுசாகக் கிடைத்தது. அது போதாமல் உதிரியாகக் கிடந்த நீள முடிகளையும் ஒன்றொன்றாக எடுத்தார். வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒருவன் அந்த நேரத்தில் கூப்பிட்டான். அவர் நிமிர்ந்தபோது படம் எடுத்துவிட்டான். பின்பு என்ற படம் அதுதான்.

துண்டில் முடியை முடிந்துகொண்டு, பிரியாணி சாப்பிடாமல், கேட்டைத் தாண்டிப் போனார். “இவங்களுக்கு நல்லது செஞ்சாலே இப்படித்தான்” என்று யாரோ சொன்னார்கள். நான் ஆமோதித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதிலில் ஆள் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. பக்கத்தில் மீன் விற்கிற அம்மா என்னைப் பார்த்ததும் கூடையைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒம்ம இட்லிய நீரே தின்னும்.” வீட்டில் மனைவி கேட்டாள். தெரியாமல் வெட்டிவிட்டார்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். எங்கள் சபைப் போதகரான ஐயரிடமும் அதையே சொன்னேன். ஊழியத்துக்குப் போவதை முழங்கால் வலி என்று சொல்லி நிறுத்தினேன்.

பிறகுதான் இந்தத் தேடல். ஊரெல்லாம் பார்த்தேன் என்றேன் அல்லவா? அவர் எங்கே போயிருப்பார் என்று முதல் வாரமே எனக்குத் தெரியும். வேம்பாருக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான்கு வருடமும் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அவர் இருக்க முடியாத இடங்களில் மட்டும், நான் வெட்ட வைத்த அந்த நீள முடியை வைத்துத் தேடினேன். தேடுகிறேன் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

போன மாதம் மண்டபத்துக்கு வெள்ளையடித்தார்கள். பழைய படங்களை எடுத்துப்போட்டபோது என் மனைவி அவருடைய இரண்டு படங்களையும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது நேர்ச்சை முடின்னு அவரு ஒங்ககிட்ட சொல்லவே இல்லியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அன்று வரவில்லை.

“சொன்னார்.”

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். வெண்டைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். பாதி நறுக்கியதும் கேட்டாள்: “வேம்பாருக்குக் காலையில பஸ் எத்தன மணிக்கு?”

மறுநாள் போனேன். மகள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நான் யாரென்று சொன்னதும் அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. கையால் கடற்கரையைக் காட்டினாள். “வல கெட்டுத கொட்டகையில இருக்காரு. வலப் பக்கம் நின்னு பேசும்.”

வலை பழுதுபார்க்கிற கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். முடி முதுகில் பாதி வரைக்கும் வளர்ந்திருந்தது, இப்போது முழுக்க வெள்ளை. நான் வலப் பக்கம் போய் நின்றேன். வரும் வழியெல்லாம் தயார் செய்த பேச்சு இருந்தது. அதை விட்டுவிட்டு, “நீரு சொன்னது எனக்குக் கேட்டுது. கேட்டுட்டுத்தான் வெட்டச் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்.” அவர் ஊசியை நிறுத்தவில்லை. “நான் ஒம்ம மூஞ்சியப் பாத்தேன்லா.”

“தெரிஞ்சும் ஏன் உட்கார்ந்தீரு?”

“நீரு பொய் சொல்ல மாட்டீருன்னு ஒரு பக்கம் நெனப்பு. கூட்டாளியா இருந்தீரு.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் வலையை மடியிலிருந்து இறக்கினார்.

“நான் மன்னிச்சா ஒமக்குத் தூக்கம் வரும். எனக்கு என்ன வரும்? மொட்டத் தலையோட அங்கன போயி உக்கார முடியல வாத்தியாரே. அவன் வந்து நின்னா மாதாவுக்கு எதக் குடுப்பேன்? அதான் இங்கன வந்துட்டேன். இந்த நாலு வருசத்துல அவன் வந்து எறங்கி, ஆளக் காணாமத் திரும்பிப் போயிருந்தா?”

பள்ளியில் ஐம்பது வயது ஆசிரியர்களையே பேசி அடக்கியவன் நான். அவரிடம், நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அவர் யோசித்தார். “பெரிய கோயிலுக்குப் போம். மாதாகிட்ட சொல்லும். இவன் நேர்ச்சைய மீறல, நான்தான் வெட்டுனேன்னு. நான் எத்தனவாட்டியோ சொல்லிட்டேன். வெட்டுனவன் வந்து சொல்லணும்.”

எழுபத்தாறு வயது வரை நான் ஒரு சுரூபத்துக்கு, சிலைக்கு முன்னால் நின்றவன் அல்ல. திருவிழாவுக்குத் தேர் பார்க்க எல்லாரும் போனாலும் சாலையின் மறுபக்கமே நிற்பேன். மறுநாள் மத்தியானம் போனேன். கூட்டமில்லை. ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பின் வரிசையில் உட்கார்ந்து, எனக்குப் பழகிய விதத்தில், கண்ணை மூடி மனதுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். அடுத்த நாள் வேம்பாருக்குப் போய், சொல்லிவிட்டேன் என்றேன்.

“ஒரக்கச் சொன்னீரா?”

“மனசுக்குள்ள.”

“யாருக்குத் தெரியாம இருக்கணும்னு மனசுக்குள்ள சொன்னீரு?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. “திரும்பிப் போயிச் சொல்லும்.”

திரும்பிப் போனேன். இம்முறை முன்னால் போய் நின்றேன். முழங்கால் உண்மையிலேயே வலித்தது, இருந்தாலும் மற்றவர்கள் செய்வதைப் பார்த்து முழந்தாளிட்டேன். குரல் எழும்ப நேரமாயிற்று. மூவாயிரம் பிள்ளைகள் நின்ற மைதானத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசிய குரல். “அவர் வெட்டவில்லை. நான்தான் வெட்டச் சொன்னேன். பொய் சொல்லி உட்கார வைத்தேன்.” பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்து கொடுத்தாள். எழுந்திருக்கப் போனவன் எழவில்லை. “அவர் மகனை அனுப்பி வை” என்று கேட்டேன். இரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஆத்துமாவுக்காக எத்தனையோ ஜெபித்திருக்கிறேன். அவருக்கு வேண்டியதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நேற்று வேம்பாருக்குப் போய் இதைச் சொன்னேன். உரக்கச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். மகனுக்காகவும் கேட்டேன் என்றதும் ஊசி நின்றது.

“பேரச் சொல்லிக் கேட்டீரா?”

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனை சனிக்கிழமைகள்! கப்பல்களின் கொடியைப் பற்றிப் பேசியிருக்கிறோம், நான் எந்த ஊரில் எத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். உம் மகன் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வலையை மடித்து ஓரமாக வைத்தார். சொல்லமாட்டார் என்று நினைத்து எழுந்தேன். அப்போது சொன்னார். முதலில் ஞானஸ்நானப் பெயர், பிறகு வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

“அவன் ஆத்தா வச்ச பேரு. வீட்டுப் பேரச் சொல்லிக் கேளும். அதச் சொன்னாத்தான் திரும்பிப் பாப்பான்.”

உட்காரச் சொல்வார் என்று சற்று நின்றேன். அவர் வலையை மறுபடி எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த இரண்டு பெயர்களையும், முக்கியமாக வீட்டுப் பெயரை, மறந்துவிடக் கூடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார்.

“பெரிய கோயில் பக்கத்துல” என்றேன்.